நாடிக்கட்டு

“இன்னும் கொஞ்சம் இறுக்குக்கா, வாய் மூட மாட்டேங்கு—”

“இறுக்கியாச்சுலே, இதுக்கு மேல இறுக்குனா—”

“ஐயர் வார நேரம். அவரு முன்னால இப்படிக் கிடந்தா—”

“எப்படிக் கிடந்தா? எப்படிங்கேன்?”

“சிரிச்ச மாதிரி,” என்றான் சத்தியநேசன்.

இன்பமணியின் கை நின்றது. பழைய வேட்டியில் கிழித்த துணி அவள் விரலில் சுற்றியிருந்தது. அப்பாவின் நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டது இதோடு மூன்று தடவை. கையை எடுத்ததும் கீழ்த்தாடை பைய இறங்கிவிடும். முன்பல் இரண்டும் வெளியே தெரியும். என்னமோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தினவர் மாதிரி ஆகிவிடும் முகம்.

“உயிரோட இருக்கையில நாலு வருசம் வாயைக் கட்டி வச்சிய. செத்த பிறகுமாலே?”

“நானா கட்டினேன்?”

“கட்டினவங்க பக்கத்துல நின்னியே.”

தம்பி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சாவு வீட்டிலும் கோட்டு போட்டிருந்தான். கோட்டுப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. காலையிலிருந்து அவன் கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்பமணி கவனிக்காமல் இல்லை.

சுவிசேஷமுத்து உபதேசியார் அன்று விடியக்காலம் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல்தான். ஞானபாக்கியபுரத்துக் கோவிலில் முப்பது வருசம் பிரசங்கம் பண்ணினவர். சபைக் குருவான அருமைநாயகம் ஐயருக்குச் சுற்றிலும் ஒன்பது ஊர்க் கோவில்கள் என்பதால், இந்த ஊர்ப் பிரசங்க மேடை பெரும்பாலும் உபதேசியார் வசம்தான் இருந்தது. மாப்பிள்ளை செத்து, பிள்ளையும் இல்லாமல் வீடு திரும்பிய இன்பமணிக்கு அப்பாதான் துணை. அவருக்குச் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு பதினொரு வருசம் கூட இருந்தவள் அவள்.

அந்த முப்பது வருசமும் ஒரே நாளில் போயிற்று. சபைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்கள்: ‘தேவ ஆராதனையில் நகைப்பு உண்டாக்கினார்.’ மேடை போயிற்று, சம்பளம் போயிற்று, அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போசனமும் போயிற்று. மன்னிப்பு எழுதிக் கொடுக்கும்வரை கோவிலுக்குள்ளே பாயில் உட்காரக் கூடாது, வாசலில் செருப்புப் போடும் இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று கட்டளை. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நாலு வருசம் ஞாயிறு தவறாமல் அந்த வாசலில் போய் உட்கார்ந்தார்.

“நம்ம சபையில செருப்புப் போடுதவங்க ஏழு பேருதான்ட்டி,” என்று வீட்டுக்கு வந்து சொல்லுவார். “ஏழு சோடிக்கும் நான்தான் உபதேசியார். நல்ல சபை. ஒண்ணுகூட பிரசங்கத்துல தூங்க மாட்டேங்கு.”

அவர் சிரிப்பார். இன்பமணி சிரித்ததில்லை. பானையை இறக்குகிற சத்தத்தில் அவள் கோபம் தெரியும்.

“அக்கா,” என்றான் சத்தியநேசன். காகிதத்தை வெளியே எடுத்துவிட்டான். “ஐயரே இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தது. நான் போட்டாச்சு. நீயும் ஒரு கையெழுத்துப் போட்டா மணியடிப்பாங்க. கோவிலுக்குள்ள வச்சு ஜெபம் பண்ணி எடுக்கலாம்.”

“போடாட்டி?”

“மணி கிடையாது. கோவிலுக்குள்ள கொண்டு போகவும் கூடாது. நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான்.”

அவள் வாங்கி வாசித்தாள். போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், சத்தமாகவே வாசித்தாள். “எங்கள் தகப்பனார் தேவ ஆராதனையில் நகைப்பு உண்டாக்கின குற்றத்துக்காக மனஸ்தாபப்பட்டு, மன்னிப்பு வேண்டி மரித்தார் என்று அவர் பிள்ளைகளாகிய நாங்கள் அறிக்கை செய்கிறோம்.” மடித்துத் திருப்பி நீட்டினாள்.

“மனஸ்தாபப்பட்டாரா? நீ பாத்தியா? நேத்து ராத்திரி காய்ச்சல்ல கஞ்சி குடிக்கச் சொன்னா, ‘இதைக் கஞ்சிங்கியே, கண்ணாடி மாதிரி என் மூஞ்சி தெரியுதே’ன்னாரு. அதுவா மனஸ்தாபம்?”

“ஒரு வரிதானேக்கா! செத்தவருக்கு என்ன தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமேலே.”

“மணியடிக்காமப் புதைச்சா ஊரு என்ன சொல்லும்? நாயைத் தூக்கிப் போட்ட மாதிரி...”

“அந்த வார்த்தையை என் முன்னால சொல்லாத.” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “நேசா, உன்கிட்ட ஒண்ணு கேக்கேன். நாலு வருசமாக் கேக்கணும்னு இருந்தேன், அப்பா கேக்க விடலை. அன்னைக்குத் துரை உன்கிட்ட என்ன கேட்டாரு?”

சத்தியநேசன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

அந்த நாள் இன்பமணிக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருந்தது. சித்திரை மாசத்து ஞாயிறு. பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் துரையும் துரைசானியும் வில்வண்டியில் வந்திருந்தார்கள். சபை முழுக்கப் பாயில் உட்கார்ந்திருந்தது. துரைக்கும் துரைசானிக்கும் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி. பின்னால் நின்று தமிழை இங்கிலீஷில் சொல்ல சத்தியநேசன். துரை ஆள் குள்ளம், துரைசானியின் தோளுக்குத்தான் வருவார்.

அப்பா எடுத்துக்கொண்டது ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறின அந்தக் குள்ள ஆயக்காரன் கதை.

“ஆளு குள்ளன். எம்புட்டுக் குள்ளன்? இந்தா, இம்புட்டு.” கையை நீட்டிக் காட்டினார். கை போய் நின்ற உயரம் நாற்காலியில் இருந்த துரையின் தலை உயரம். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. சபை கவனித்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

“கூட்டத்துல ஒண்ணும் தெரியலை, மரத்துல ஏறிட்டான். வரி வாங்குத ஆளு, தளைநார் உண்டா அவன்கிட்ட?”

“இல்லை!” என்றது சபை. காலில் தளைநார் மாட்டிப் பனையேறுகிறவர்களின் சபை அது.

“ஏறினவன் உச்சியில உக்காந்திருக்கான். ஆண்டவர் கீழ நின்னு அண்ணாந்து பாத்து, சீக்கிரம் இறங்கி வா, இன்னைக்கு உன் வீட்டுலதான் சாப்பாடுங்காரு. ஏ பூதத்தா! ஜன்னல்ல நிக்கியே, நீ சொல்லு. மரத்துல இருந்து வேகமா இறங்குனா என்ன ஆவும்?”

பூதத்தான் வேதக்காரன் இல்லை, சுடலைமாடனுக்குப் படைக்கிறவன். உபதேசியார் பேச்சைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் கோவில் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். அவன் கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு கத்தினான்:

“நெஞ்சு உரிஞ்சு போவும் உபதேசியாரே! வயிறும் சேந்து போவும்!”

கோவிலே குலுங்கிற்று. நெஞ்சில் தழும்பு இல்லாத ஆண்பிள்ளை அந்தச் சபையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அவனவன் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தான். கிழவிகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்பா சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“சரி. உரியும்னு தெரிஞ்சும் அவன் ஏன் வேகமா இறங்குனான்?”

சிரித்த வாய்கள் அப்படியே நின்றன. அந்த அமைதியில்தான் துரை எழுந்தார். முகம் சிவந்திருந்தது. சத்தியநேசன் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். அடுத்த நிமிஷம் துரைசானியோடு வெளியே நடந்துவிட்டார். ஐயர் அவசரமாக ஒரு பாட்டைச் சொல்லிப் பாட வைத்தார். அப்பா மேடையில் வாயைத் திறந்தபடியே நின்றார்.

பதில் என்ன என்று இன்பமணி பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். “அது சபையிட்டக் கேட்ட கேள்வி. உன் ஒருத்தியிட்டச் சொன்னா சரியாவாது,” என்பார்.

“சொல்லுலே,” என்றாள் இப்போது. “துரை என்ன கேட்டாரு?”

“‘என்னைப் பத்தித்தான் சிரிக்காங்களா’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா ஒண்ணுமே சொல்லல.”

“ஒண்ணுமே சொல்லல,” என்றாள் இன்பமணி. “இல்லங்கன்னு ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல அதுக்கு எத்தனை எழுத்துலே? அதைச் சொல்ல வாய் வரலை. இப்ப ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு வந்து நிக்க.”

“வேலை போயிருக்கும். துரை மனசுல அப்பவே...”

“அப்பாவுக்குப் போச்சே!”

வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. அருமைநாயகம் ஐயர் உள்ளே வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். செத்தவரின் தலைமாட்டில் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்தார். நாடிக்கட்டையும் அதை மீறித் திறந்திருந்த வாயையும் பார்த்தவர், சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை முடித்தார்.

“ஆறுதலா இரும்மா இன்பமணி.”

“மணியடிங்க ஐயரே. ஆறுதலா இருக்கேன்.”

“அதுக்குத்தானே காகிதம் கொடுத்து அனுப்பினேன். நானும் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட மனுசன்தானே? ஆலயம் பயபக்தியா இருக்க வேண்டிய இடம். கர்த்தர் அழுதாருன்னு வேதத்துல இருக்கு. சிரிச்சாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா, சொல்லு.”

“தும்முனாருன்னும் எழுதலை. அதுக்காவ கோவில்ல தும்முதவங்களையும் வாசல்ல உக்கார வைப்பியளா? கல்யாண வீட்டுக்குப் போனாருன்னு எழுதியிருக்கே. பந்தியில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா உக்காந்திருந்தாரு?”

“அக்கா, பைய பேசு,” என்றான் சத்தியநேசன்.

“நீ சும்மா இரு. உனக்குத்தான் சும்மா இருக்க வருமே.”

ஐயர் பொறுமையாகத்தான் சொன்னார். “வீட்டுல சிரிக்கலாம், வயல்ல சிரிக்கலாம். தேவ சந்நிதியில—”

“தொண்ணூறு வயசுல பிள்ளை பிறக்கும்னு கேட்டு, கூடாரத்துக்குள்ள நின்னு ஒரு கிழவி சிரிச்சாளே, அது யாரு சந்நிதியில?”

“ஏன் சிரிச்சேன்னு கர்த்தர் கேட்டாரும்மா.”

“கேட்டாரு. தள்ளியா வச்சாரு? பிள்ளையைக் கொடுத்தாரு.”

ஐயர் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்த்ததும் இன்பமணிக்குள் மிச்சமிருந்ததும் பொங்கி வந்துவிட்டது.

“அந்தக் கைக்குட்டைதான் ஐயரே. அன்னைக்கு அதை வாயில வச்சுக்கிட்டு நீங்களும் சிரிச்சிய. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சிய. பொம்பளைப் பக்கத்துல இருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சபையே சிரிச்சுது. ஒருத்தரை மட்டும் வாசல்ல உக்கார வச்சிய.”

கைக்குட்டை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவர் அதை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். பையில் வைத்தார்.

“நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு வாரேன்,” என்றார். “ஒரு சின்ன ஜெபம் பண்ணுதேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார்.

ஆசாரி வேப்பம்பலகைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். தூக்க ஆள் இல்லை. பருவகாலம். பதனீர் இறக்குகிற மாசங்களில் ஊர் பாதி காலியாகிவிடும். குடும்பம் குடும்பமாகப் பனங்காட்டுக்குப் போய், பதனீர் காய்ச்சுகிற விடிலி என்ற ஓலைக்குடிசைகளிலேயே கிடப்பார்கள். ஊரிலிருந்து அங்கே எட்டுவது கோவில் மணி ஒன்றுதான். சாவு மணி கேட்டால் இறங்கி வருவார்கள். இன்று மணி கேட்கவில்லை. வீட்டில் இருந்தது நான்கு கிழவிகள், ஒரு வாத்தியார்.

“எங்க போற?” என்றான் சத்தியநேசன்.

“மணியடிக்கப் போறேன்.”

மத்தியானச் செம்மண் தேரிமணல் பாதத்தைச் சுட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் குறையும் என்பார்கள். அவளுக்குக் கூடிக்கொண்டேதான் வந்தது. பனங்காட்டின் முதல் வரிசையில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், பூதத்தான் பாளை சீவிக்கொண்டிருந்தான்.

“ஏ பூதத்தா!”

“யாரு, இன்பமணியக்காவா? பதனி வேணுமா?”

“அப்பா போயிட்டாரு.”

அரிவாள் சத்தம் நின்றது.

“மணி கேக்கலியே யக்கா?”

“அடிக்க மாட்டாங்களாம். சிரிக்க வச்சதுக்கு.”

ஓலை காற்றில் உரசிற்று. பிறகு பூதத்தான் பக்கத்து மரத்தைப் பார்த்து வாயில் கையைக் குவித்துக் கத்தினான். “ஏலே, உபதேசியாரு போயிட்டாரு வே!” அடுத்த மரத்திலிருந்து அதே வார்த்தை அதற்கடுத்த மரத்துக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னொன்றுக்கு. முகம் தெரியாத உயரங்களில் குரல் மட்டும் மரத்துக்கு மரம் தாவி, காட்டின் கடைசிவரை தேய்ந்து போயிற்று. இன்பமணி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் சர்ரென்று என்னவோ உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வந்த நினைப்புத்தான் அவளுக்கு.

வீட்டுக்கு வந்து பெட்டியில் வைக்குமுன் நாடிக்கட்டை அவிழ்த்தாள். சத்தியநேசன் பார்த்தான், தடுக்கவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது.

மூன்றரை மணிக்கு ஆட்கள் வந்தார்கள். குளிக்கவில்லை, மேல்துணி போடவில்லை. இடுப்பில் அரிவாள்பெட்டி, தோளில் தளைநார். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். இன்பமணி அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை, கண் பெட்டியிலேயே இருந்தது. பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள். சத்தியநேசன் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஐந்தாவதாகத் தோள் கொடுத்தான். கோட்டுப் பையிலிருந்து காகிதத்தின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை கோவிலைக் கடந்துதான் போகும். வாசலுக்கு நேரே வந்ததும் முன்னால் போனவன் நின்றான். யாரும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பெட்டியை வாசலில், செருப்புப் போடும் இடத்தில், பைய இறக்கி வைத்தார்கள்.

ஐயர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். “உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே!”

“உள்ள கொண்டு வரலீங்க ஐயரே,” என்றான் ஒருவன். “அவரு இடத்துலதான் வச்சிருக்கோம்.”

அவர்களும் உள்ளே போகவில்லை. பெட்டியைச் சுற்றி மணலிலேயே உட்கார்ந்தார்கள். விடிலிகளிலிருந்து வந்த பெண்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். பூதத்தான் மட்டும் பழக்கம் விடாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான். உள்ளே விரித்த பாய்கள் வெறுமையாகக் கிடப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, அவனும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஐயர் படியில் நின்றார். முதுகுக்குப் பின்னால் ஆளில்லாத கோவில், முன்னால் சபை. வேறு வழியில்லாமல் அங்கேயே ஆரம்பித்தார். அந்தப் பக்கத்துக் கோவில்களில் ஒரு வழக்கம் உண்டு. சொல்கிறவர் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துவார், சபை சேர்ந்து அதைச் சொல்லி முடிக்கும்.

“மண்ணிலிருந்து வந்த நாம் எல்லாரும் ஒரு நாள் மண்ணுக்கே...”

நிறுத்தினார்.

சபை வாயைத் திறக்கவில்லை. எங்கேயோ ஒரு காக்கை கத்திற்று. ஐயர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, தானே “திரும்புவோம்” என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்தார். குனிந்தபோதுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் கண்ணில் பட்டார்கள்.

ஐயர் பார்த்த பக்கம் இன்பமணியும் அப்போதுதான் எக்கிப் பார்த்தாள். பூதத்தானின் நெஞ்சு கழுத்திலிருந்து தொப்புள்வரை உரிந்து கிடந்தது. வரிவரியாக ரத்தம், அதில் பனஞ்சிராய் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கும். இருபது வருசம் ஏறினவர்கள், பைய இறங்கத் தெரிந்தவர்கள். ஈ மொய்க்க மொய்க்க, கையால் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியநேசனின் வெள்ளைச் சட்டையில், பெட்டி தூக்கும்போது பக்கத்தில் நின்றவனின் நெஞ்சு பட்ட இடத்தில், சிவப்பாக ஒரு பட்டை.

ஐயர் புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் கிடைக்கவில்லை. மறுபடி புரட்டினார்.

இன்பமணி பெண்கள் நடுவிலிருந்து எழுந்து நின்றாள்.

“ஐயரே, உரியும்னு தெரிஞ்சும் அவன் ஏன் வேகமா இறங்குனான்?”